அப்பாவுக்கு எட்டு வருடமாக சுகர், இப்போது டிபி: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான். குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்கிற குடும்பம். அப்பாவுக்கு 56 வயது, எட்டு வருடமாக சுகர். இரண்டு மாத இருமலில் பதினோரு கிலோ இறங்கி, சளியில் கிருமி இருப்பது தெரிந்து, டிபி மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வெறும் வயிற்றில் 180 காட்டிக்கொண்டிருந்த சுகர் இப்போது 310. டாக்டர் இன்சுலின் போடச் சொல்கிறார். பெரியம்மாவோ, "ரெண்டுமே சூட்டு மாத்திரை, உடம்பு தாங்காது. முதல்ல டிபிய முடிச்சிட்டு அப்புறம் சுகரைப் பாத்துக்கலாம்" என்கிறார். டிபிக்கு நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள், சுகருக்கு வாயைக் கட்டச் சொல்கிறார்கள். மகன் எதைக் கேட்பது?

நான் மருத்துவர் இல்லை. காசநோய்ப் பிரிவில் வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிப் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த இரண்டு நோயும் ஒரே ஆளுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா கேட்டதற்கு முதலில் பதில். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்பது இதில் நடக்காது. சுகரை விட்டுவிட்டு டிபி மாத்திரையை மட்டும் விழுங்கினால், மாத்திரை ஒரு பக்கம் கிருமியைக் கொல்லும், இன்னொரு பக்கம் சுகர் அந்தக் கிருமிக்குச் சாதகமாக வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் இருப்பவர்களுக்குச் சளியிலிருந்து கிருமி மறைய நாள் அதிகம் ஆகிறது, சிகிச்சை முடிந்த பிறகு டிபி திரும்ப வருவதும் இறப்பதும் சுகர் இல்லாத டிபி நோயாளிகளைவிட அதிகம். பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இது. பயமுறுத்தச் சொல்லவில்லை. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இந்த ஆபத்து குறைகிறது.

"அப்பாவுக்கு யாரிடமிருந்து ஒட்டியது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைத் தேடிப் பிரயோசனமில்லை. நம் ஊரில் டிபி கிருமியை எப்போதாவது மூச்சில் வாங்கியவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களின் உடம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். சுகர் அதிகமாகவே இருக்கும் உடம்பில் அந்தப் பூட்டு தளர்கிறது. நுரையீரலில் கிருமியை விழுங்குகிற அணுக்கள் மந்தமாகின்றன, ஆபத்து என்று தகவல் போய் மற்ற அணுக்கள் வந்து சேரவும் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கிருமி பெருகிவிடுகிறது. சுகர் இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு என்கிறார்கள். ஹாங்காங்கில் முதியவர்களை வைத்துச் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நல்ல செய்தி இருந்தது. மூன்று மாத சராசரி சுகர் (HbA1c என்று சீட்டில் சதவீதமாக வரும்) 7-க்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை, 7-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குத்தான் மூன்று மடங்கு. அதாவது வினை செய்வது 'சுகர்காரர்' என்ற பெயர் அல்ல, கவனிக்காமல் விட்ட சுகர்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வேலூர் பக்கம் வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அந்தக் காலத்தில் டிபி என்று வருபவருக்கு நாங்கள் சுகர் பார்த்ததே இல்லை. டிபி ஒல்லியான ஏழைக்கு, சுகர் தொப்பை வைத்த பணக்காரருக்கு என்று மனதில் ஒரு கோடு. அந்தக் கோடு தப்பு. 2012-இல் தமிழ்நாட்டு டிபி நோயாளிகளைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில் நான்கில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 25.3 சதவீதம் பேருக்கு, சுகர் இருந்தது. இன்னொரு நான்கில் ஒருவர் சுகரின் வாசலில் நின்றார். பேர்ணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர்களிலும் குடியாத்தம் தறிக்காரர்களிலும் எலும்பு தெரிகிற உடம்போடு சுகர் 300 இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது டிபி என்று பதிவானாலே சுகர் பார்க்க வேண்டும் என்பது விதி. சுகருக்கு மாத்திரை வாங்க வருபவரிடம் இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை என்ற நான்கையும் கேட்க வேண்டும் என்பதும் விதிதான். இரண்டாவது விதி பல இடங்களில் காகிதத்தோடு சரி.

உங்கள் அப்பா விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எடை இறங்கினால் "சுகர் ஏறியிருக்கும்". அசதி என்றால் "சுகர்தான்". ராத்திரி பனியன் நனைந்தால் வேலூர் வெயிலின் மேல் பழி, நம் ஊரில் மே மாதம் யாருக்குத்தான் வியர்க்காது. சுகரும் டிபியும் ஒரே அறிகுறிகளைப் போர்த்திக்கொண்டு வருவதால் வாரங்கள் ஓடிவிடுகின்றன. சுகர் இருப்பவர்களின் எக்ஸ்ரேயும் ஆளை ஏமாற்றும். டிபி வழக்கமாக நுரையீரலின் மேல் பகுதியில் தெரியும். இவர்களில் சிலருக்குக் கீழ்ப் பகுதியில் தெரிந்து, சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் ஓடும். அதனால்தான் இப்போது சளியை முதலிலேயே கிருமியின் மரபணுவைத் தேடும் கருவியில் போடுகிறார்கள். ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான டிபி மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்தச் சீட்டு உங்களிடம் இருக்கிறதா பாருங்கள்.

சரி, 310-க்கு வருவோம். டிபி மாத்திரை ஆரம்பித்த பிறகு சுகர் ஏறியதால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஆறு மாத சிகிச்சையை ஒட்டி சுகர் கணக்கு மூன்று தடவை மாறும். இது தெரியாமல்தான் பல வீடுகளில் குழப்பம்.

முதல் மாற்றம் நோயால் வருவது. காய்ச்சலும் கிருமியும் உடம்பை நெருக்கும்போது, அந்த நெருக்கடியில் சுரக்கிற ஹார்மோன்கள் சுகரை ஏற்றிவிடும். சுகரே இல்லாதவருக்குக்கூட டிபி கண்டுபிடித்த வாரத்தில் 200 காட்டி, நோய் குறைந்ததும் தானாக இறங்குவது உண்டு. அதனால் புதிதாக சுகர் என்று சொல்லப்பட்டவர்கள், டிபி அடங்கியதும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்பா பழைய சுகர்காரர், அவருக்கு அந்தச் சந்தேகமில்லை.

இரண்டாவது மாற்றம் மருந்தால். டிபி சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறதே அதுதான். அது கல்லீரலுக்குள் போய், மற்ற மருந்துகளைச் சிதைக்கிற வேலையை வேகப்படுத்திவிடும். கிளிமிபிரைடு, கிளிக்கிளாசைடு போன்ற சுகர் மாத்திரைகள் ரத்தத்தில் தங்க வேண்டிய நேரம் தங்காமல் கழிந்து போகும். ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் இது முழு வேகத்துக்கு வரும், உங்கள் கணக்கில் மூன்று வாரம் என்பது சரியாகப் பொருந்துகிறது. அப்பா அதே மாத்திரையைத்தான் போடுகிறார், ஆனால் பாதிதான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை கல்லீரலில் சிதையாத மருந்து, அதை இந்தச் சிக்கல் பெரிதாகத் தொடாது. அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை முதலில் வைப்பார்கள், கிரியாட்டினின் என்கிற சிறுநீரகப் பரிசோதனை பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். இன்சுலினை ரிஃபாம்பிசின் இப்படிச் சிதைப்பதில்லை. சுகர் 300-ஐத் தாண்டி ஆள் இளைத்துக்கொண்டே போகும்போது டாக்டர் ஊசிக்குப் போவது இதனால்தான். எடை ஏறவும் அது உதவும். ஊசி ஆரம்பித்தால் சாகும்வரை ஊசிதான் என்று பயப்படுகிறார்கள். டிபி அடங்கியதும் மாத்திரைக்கே திரும்பியவர்கள் நிறைய.

மூன்றாவது மாற்றத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதை யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன்னால் அன்றாட விஷயம். டிபி மாத்திரை நான்கு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக வருகிறது. எத்தனை என்பது எடைக் கணக்கு. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. அப்பா எடை ஏறி அடுத்த வரிசைக்குப் போனால் மாத்திரை எண்ணிக்கையும் கூடுமா என்று கேளுங்கள், பல பேர் மாதாமாதம் எடை பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. சிலருக்கு டாக்டர் இதை நீட்டிப்பார், நீட்டினால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

காலையில் வெறும் வயிற்றில் டிபி மாத்திரை. அரை மணி, முக்கால் மணி கழித்து சுகர் மாத்திரையோ ஊசியோ, உடனே சாப்பாடு. மெட்ஃபார்மின் சாப்பிட்டு முடித்த பிறகு. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. டிபி மாத்திரை சிலருக்குக் குமட்டும், வாந்தி வரும். சுகர் மாத்திரையை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் குமட்டலில் சாப்பாட்டை ஒதுக்கினால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரும். அன்றைக்குச் சாப்பாடு இறங்குமா என்று பார்த்துவிட்டு சுகர் மருந்துக்குப் போங்கள். சாப்பிடவே முடியவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, விடாத வாந்தி என்றால் அது வேறு, கல்லீரல். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாதத்தையும் கண்ணையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோனியாசிட் என்கிற டிபி மருந்து நரம்பில் எரிச்சலைக் கொண்டுவரும், சுகரும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பாதம் மரத்துப்போகும். அதனால் பைரிடாக்சின் என்கிற சின்ன பி6 மாத்திரை தருவார்கள். "சத்து மாத்திரைதானே" என்று பொட்டலத்தில் மிச்சம் வைக்கிற முதல் மாத்திரை அதுதான், நான் எண்ணிய வீடுகளில் எல்லாம். மறக்காமல் போடச் சொல்லுங்கள். தறிக்குழியில் வெறுங்காலோடு மிதி மிதிக்கிறவர் என்றால் ராத்திரி ஒரு தடவை பாதத்தை விளக்கில் காட்டிப் பாருங்கள். எத்தாம்பியூட்டால் என்கிற இன்னொரு டிபி மருந்து அரிதாகக் கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிவது அதன் ஆரம்பம். சுகரும் கண்ணைக் கெடுக்கிற நோய் என்பதால், பின்னால் எது காரணம் என்று தெரியாமல் போகும். இப்போதே ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தறியில் நூல் நிறம் பார்க்கிறவருக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும் என்பது ஒரு வசதி.

இனி சாப்பாடு. கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சரி. டிபிக்கு உடம்பு தேற வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அறுபது சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. 44 கிலோ இருக்கிற ஆளுக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோ சொச்சம், அவ்வளவுதான். ஆக, அப்பா வாயைக் கட்டக் கூடாது. கட்ட வேண்டியது சர்க்கரையை.

உறவுக்காரர்கள் பார்க்க வரும்போது கொண்டுவருவதைப் பாருங்கள்: பேரீச்சம்பழம், ஹார்லிக்ஸ், ஆப்பிள் ஜூஸ், ரொட்டி, ஆற்காட்டுப் பக்கத்து ஆள் என்றால் மக்கன் பேடா. அத்தனையும் அன்போடு வருகிற சுகர். வாங்கி வையுங்கள், பிள்ளைகள் சாப்பிடட்டும். அப்பாவுக்கு முட்டை, வேர்க்கடலை, பச்சைப்பயறு சுண்டல், கொள்ளு ரசம், தயிர், ஆட்டுக்கறியோ மீனோ முடிந்த அன்றைக்கு. கேழ்வரகு களி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வட ஆற்காட்டில் களி சுகருக்கு மருந்து என்கிற மாதிரி பேசுவோம். அளவாகச் சாப்பிட்டால் நல்லதுதான், ஆனால் கேழ்வரகும் மாவுப்பொருள்தான். தேங்காய் அளவு இரண்டு உருண்டையை உள்ளே தள்ளினால் மீட்டர் அரிசிக்கு ஏறுகிற மாதிரிதான் ஏறும். கைப்பிடி அளவு ஒரு உருண்டை, தட்டில் பாதிக்குக் கீரையோ முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்போ, கூட இரண்டு முட்டை. பசித்தால் மறுபடி முட்டை, சுண்டல். களி அல்ல.

காசுக்கு வழி இருக்கிறது. டிபி நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. கணக்கு எண்ணைப் பதிவு செய்தீர்களா, பணம் ஏறுகிறதா பாருங்கள். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தால், தினம் இரண்டு முட்டைக்கு மாதம் 420. மிச்சத்தில் கடலையும் பயறும் வரும். இந்தப் பணம் தறிக்கு நூல் வாங்கப் போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அது முட்டைக்கு.

வீட்டில் மற்றவர்கள் எல்லோரும், முக்கியமாக அம்மாவும் சின்னப் பிள்ளைகளும், பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டிபி இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். அப்பாவைத் தனி ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை. 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்விலேயே, வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நிரூபித்துவிட்டார்கள், உலகமே அதைப் பின்பற்றியது. சுகர் இருப்பவருக்குச் சளியில் கிருமி மறையக் கொஞ்சம் அதிக நாள் ஆகலாம் என்பதால், ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடட்டும், பீடியை நிறுத்தட்டும். இரண்டாம் மாதக் கடைசியில் சளி பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். அப்போதும் கிருமி தெரிந்தால் மருந்துக்கு அடங்காத வகையா என்று பார்ப்பார்கள்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருகிறேன். டிபிக்கு ஒரு நோட்டு, சுகருக்கு ஒரு நோட்டு. டிபி மாத்திரை அரசு காசநோய்ப் பிரிவில், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தோ, இல்லை காட்பாடி ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்கிலோ. சுகர் டாக்டருக்கு ரிஃபாம்பிசின் ஓடுவது தெரியாது, டிபி பக்கம் இருப்பவருக்குக் கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பது தெரியாது. எங்கே போனாலும் இரண்டு நோட்டையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் மேஜைமேல் இரண்டையும் வையுங்கள்.

இந்த இரண்டு நோட்டு தனித்தனியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பொய்கை சந்தையில் பார்த்தேன். அங்கே செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. எனக்குத் தெரிந்த மாட்டுத் தரகர் ஒருவர், டிபியும் சுகரும் இருந்தவர், ஆறு மாதத்தை ஒரு நாள் தவறாமல் முடித்தவர். சளி சுத்தம் என்று சீட்டு வாங்கி இரண்டு வாரம் இருக்கும். காலை பத்து மணிக்குத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தவர், கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். "காலையிலேயே ஏத்திக்கினாரு" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில், "மாட்டு விலை எதில் நின்னுச்சு?" என்று கேட்டார்.

மூன்றாவது மாற்றம் இதுதான். ரிஃபாம்பிசின் ஓடும்போது அது சிதைத்த அளவை ஈடுகட்ட, அவருக்குக் கிளிமிபிரைடை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். அப்போது அது சரி. டிபி மாத்திரை நின்றதும் கல்லீரல் இரண்டு வாரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. மருந்து முழுசாக ரத்தத்தில் நிற்க ஆரம்பித்தது. காய்ச்சலும் கிருமியும் ஏற்றி வைத்திருந்த சுகரும் அதற்குள் இறங்கியிருந்தது. மாத்திரை மட்டும் இரட்டிப்பாகவே ஓடியது, ஏனென்றால் டிபி நோட்டை மூடியது சுகர் நோட்டு எழுதுபவருக்குத் தெரியவில்லை.

அதனால் காலண்டரில் அப்பாவின் கடைசி டிபி மாத்திரை நாளை இப்போதே குறித்து வையுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் சுகர் டாக்டரிடம் போய், "டிபி மாத்திரை நிற்கப்போகிறது, அளவைக் குறைக்கணுமா?" என்று கேளுங்கள். அதன் பிறகு மூன்று வாரம், முடிந்தால் தினமும் இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது, வெறும் வயிற்றில் பாருங்கள். 70-க்குக் கீழே போனால், இல்லை திடீர் வியர்வை, நடுக்கம், குழறல் என்றால் அந்த மூன்று ஸ்பூன் சர்க்கரைதான். கால் மணி கழித்து மறுபடி பார்த்து, சாப்பாடு கொடுத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும், எதற்கென்று பெரியம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.